குளவி கொட்டிவிட்டது அக்கா, எனக்கு ஒன்றும் ஆகவில்லை

அக்கா,

கழுத்தில் பூசிய சுண்ணாம்பு காய்ந்து தோலை இழுக்கிறது. அந்த வாசனை காலையிலிருந்து மூக்கடியிலேயே இருப்பதால், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பது போலவே இருக்கிறது. மடித்து வாயில் போட்ட பிறகு விரல் நுனியில் மிஞ்சுகிற சுண்ணாம்பை எங்கள் வீட்டு நீலச் சுவரில்தான் துடைப்பீர்கள். "ஒங்க வீட்டுல சுவரு இல்லையாக்கா?" என்று கேட்டால், "எங்க சுவரு அழுக்காயிருமே" என்பீர்கள்.

சொல்ல வந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று காலை என்னைக் குளவி கொட்டிவிட்டது. வலது காதுக்குக் கீழே, கழுத்தில். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

லயத்தில் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். "அப்பாடா" என்றார்கள். பிறகு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் குளவி கொட்டுவது அதிசயமா என்ன? இந்தச் செய்தி எனக்கு எவ்வளவு பெரியது என்று முழுவதும் விளங்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். மலையில் குளவி கொட்டி நான் மூச்சுத் திணறிக் கிடந்த அந்த நாளில், "இவங்களுக்கு இன்னொரு தடவை கொட்டினா உயிருக்கு ஆபத்து" என்று டாக்டர் சொன்னதை என் பக்கத்துக் கட்டிலில் கிடந்தபடி கேட்டவர் நீங்கள். அதற்குப் பிறகு நான் சுமந்த பயத்தில் பாதியை வாங்கிக்கொண்டு நடந்தவரும் நீங்கள்.

காலையில் தேத்தண்ணி நேரம். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த தாய்மார் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க, பகலில் நாங்கள் பிள்ளை பார்க்கிற பிள்ளைக்காம்பராவுக்கு வந்திருந்தார்கள். உங்கள் மருமகளும் வந்து, உங்கள் பேரனை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் இருந்தாள். நான் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு துணியின் மடிப்புக்குள் அது இருந்திருக்கிறது. தோளில் போட்டதும் சுருக்கென்று ஒரு வலி. கையால் தட்டினேன், கீழே விழுந்தது. ஒரே ஒரு குளவி. அதைப் பார்த்ததும் துணிகளைக் கீழே போட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன் அக்கா.

உங்கள் மருமகள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். பிள்ளையை ஆயாவின் கையில் கொடுத்தாள், கழுத்திலிருந்த கொடுக்கை நகத்தால் வழித்து எடுத்தாள், யாரோ நீட்டிய சுண்ணாம்பை அப்பினாள், ஆம்புலன்சுக்குச் சொன்னாள். எல்லாம் ஒரே மூச்சில். ஆம்புலன்சில் என்னோடு ஏறிக்கொண்டு, அதில் வந்த நர்சுப் பிள்ளையிடம், "இவங்களுக்கு முந்தி ஒரு தடவ கொட்டி தொண்ட அடைச்சிருச்சுங்க. எங்க மாமிதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அந்த ஊசிய எடுத்து ரெடியா வச்சுக்கங்க" என்று விவரம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு தொண்டைக்காகக் காத்திருந்தேன். இப்போது அடைக்கும், இப்போது அடைக்கும் என்று ஒவ்வொரு தடவை எச்சில் விழுங்கும்போதும் நினைத்தேன். லுணுகலை டவுன் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது. தொண்டை அடைக்கவில்லை.

கட்டிலில் கிடந்தபடி நான் யோசித்ததெல்லாம் நாம் பேசாமல் இருந்த வருடங்களைப் பற்றித்தான்.

லயத்தில் உங்கள் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். நீங்கள் அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அந்தச் சுவரை ஒட்டித்தான் பலகையடித்துக் கோழிக்கூடு வைத்திருந்தீர்கள். முட்டைக்கு வந்த நல்ல பாம்பு, சுவரடியில் இருந்த பொந்து வழியாக எங்கள் குசினிக்குள் வந்துவிட்டது. என் மகள் அப்போது தவழ்கிற பிள்ளை. அரிசி வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூடியைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். வாளிக்குப் பின்னால் அது படமெடுத்து நின்றது. பிள்ளையின் கைக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. நான் வாயைத் திறக்க முடியாமல் நின்றேன். என் வீட்டுக்காரர் பின்னால் வந்து ஒரு கையால் பிள்ளையை இழுத்தார், மறு கையில் இருந்த மண்வெட்டியால் அடித்தார்.

சத்தம் கேட்டு நீங்கள் ஓடி வந்தீர்கள். செத்துக் கிடந்ததைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு, "நல்ல பாம்ப அடிச்சிட்டீங்களே! இந்த வீடு இனி எப்பிடி வெளங்கும்?" என்று கத்தினீர்கள். லயமே கேட்டது. உங்கள் குரலுக்குக் குறைந்த சத்தம் தெரியாது.

நான் பதிலுக்கு, "ஒங்க கோழிக்கூட்டாலதான வந்துச்சு!" என்று கத்தினேன். அதோடு முடிந்திருக்கும். அடுத்த மாதமே அவர் நிழல் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்து கால் முறிந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு அவர் படுத்திருக்க, நான் பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் வார்த்தையைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். நீங்கள் வாயை வைத்ததால்தான் இப்படி ஆனது என்று முடிவு செய்துவிட்டேன். கால் கூடி அவர் பழையபடி மலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் என் மனம் கூடவில்லை.

நீங்களும் வந்து பேசவில்லை. தீபாவளிக்கு எல்லாக் காம்பராவுக்கும் பலகாரத் தட்டு போகும், நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மட்டும் போகாது. பீலியில் நான் தண்ணீர் பிடிக்கும்போது நீங்கள் தள்ளி நிற்பீர்கள். ஆனால் உங்களுக்குப் பேசாமல் இருக்க முடியாதே! என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் கோழிகளிடம் சொல்வீர்கள். "அடியே செவப்பி, அந்த வாசலுக்குப் போகாத. அவங்க கோவக்காரங்க." "மழ வருது, துணி காயுது, எடுக்கச் சொல்லு." நான் உள்ளே இருந்து கேட்டுவிட்டு, விறைப்பாகப் போய்த் துணியை எடுப்பேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

குளவி கலைந்த நாளும் அப்படித்தான் தொடங்கியது. வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டில் பேர் கொடுத்தபோது நீங்கள் ஒரு முனையில், நான் மறு முனையில். மேல் மலையில் பெரிய டர்பன்டைன் மரம் ஒன்று இருந்ததே, அதன் உச்சிக் கிளையில், நாம் குளவி என்று சொல்கிற மலைத்தேனீயின் கூடு முறம் போலத் தொங்கும். எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தப் பக்க நிரைகளில் சத்தம் போடாமல் கொழுந்து எடுப்போம். அன்று ஒரு பருந்து வந்து கூட்டில் மோதியது. நான் நிமிர்ந்து பார்த்தேன். கூடு கறுப்பாக இருந்தது, அடுத்த நிமிடம் வெளுத்துப்போனது. அதிலிருந்த கறுப்பு முழுவதும் கீழே வந்துகொண்டிருந்தது.

"குளவி! குளவி! ஓடுங்க!" என்று கங்காணி கத்தினார்.

எல்லாரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். என் கூடைக் கயிறு தலைத்துணியோடு சிக்கிக்கொண்டது. அதை இழுத்துக்கொண்டே இரண்டு செடிக்கு நடுவில் விழுந்தேன். கொண்டையில் ஒன்று, இமையில் ஒன்று, கையில், முதுகில். அதற்குப் பிறகு எங்கே என்று தெரியவில்லை. நெருப்புத் துண்டங்களைத் தலையில் கொட்டியது போல இருந்தது. பிள்ளையின் பேரைச் சொல்லி அலறினேன்.

ஓடியவர்களில் நீங்கள் பாதி தூரம் போய்விட்டீர்கள். அதைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாதை வரைக்கும் போனவர், என் குரலைக் கேட்டு, திரும்பி மேலே ஓடி வந்திருக்கிறீர்கள். "அக்கா, போகாத!" என்று அவர்கள் கத்தியது உங்களுக்குக் கேட்கவில்லையாம். நீங்கள் மழைக்காக இடுப்பில் கட்டியிருந்த ரப்பர் படங்கை அவிழ்த்து என் மேல் போட்டு, அதற்குள் நீங்களும் புகுந்து, ஓரங்களை முழங்காலால் அழுத்திக்கொண்டீர்கள்.

உள்ளே இருட்டு. ரப்பர் வாடை, கொழுந்துச் சாற்று வாடை, உங்கள் வெற்றிலை வாடை. வெளியே படங்கின் மேல் மழை விழுகிற மாதிரி சத்தம். நம் முகம் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே வந்துவிட்ட ஒன்றிரண்டை நீங்கள் கையாலேயே நசுக்கினீர்கள்.

"மூச்சு விடுறியா?" என்று கேட்டீர்கள்.

"அக்கா…" என்றேன்.

"ஆமா, அக்காதான். இத்தன வருசத்துக்கு அப்புறம் வாயத் தொறக்க ஒனக்குக் குளவி வேண்டியிருக்கு."

நான் அழுதேன். வலியினாலா வேறு எதனாலா என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் மெதுவாகப் பேசினீர்கள். உங்களுக்கும் மெதுவாகப் பேச வரும் என்று அன்றுதான் கண்டேன்.

"இந்தா பாரு புள்ள. அன்னிக்கு நான் சொன்னது ஆத்திரத்துல வந்துச்சு. சாமி பாம்பு செத்துக் கெடக்கவும் வாயில வந்ததச் சொல்லிட்டேன். ஒம் புருசனுக்குக் கால் முறிஞ்சப்ப நான் மாரியம்மன் கோயில்ல போயி அழுதேன், தெரியுமா? ஆத்தா, எம் வாய அடைச்சிருன்னு வேண்டிக்கிட்டேன். அவ என்னமோ தப்பா வெளங்கிக்கிட்டு ஒன் வாய அடைச்சிட்டா."

சிரிக்க வேண்டிய பேச்சு. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. நாக்கு தடித்து வாயை நிறைத்துக்கொண்டது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல இருந்தது. உங்கள் கையைப் பிடித்து என் தொண்டையில் வைத்தேன்.

"என்ன? தொண்டையா? அடைக்குதா?" உங்கள் குரல் மாறியது. என் முகத்தைத் தடவிப் பார்த்தீர்கள். உதடு, இமை, கன்னம் எல்லாம் வீங்கியிருந்தது கைக்கே தெரிந்திருக்க வேண்டும். "இது வேற மாதிரி இருக்கு. இங்கன கெடந்தா சரி வராது. எந்திரி."

குளவி இன்னும் அடங்கவில்லை. அடங்கும்வரை படுத்திருப்பதுதான் எல்லாரும் செய்வது. நீங்கள் படங்கை என் தலை மேல் இறுக்கிப் போர்த்தி, என்னை இழுத்துக்கொண்டு தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கினீர்கள். ஒருவருக்கே போதாத படங்கு. முழுவதையும் எனக்குப் போர்த்திவிட்டு உங்கள் முதுகையும் தலையையும் குளவிக்குக் கொடுத்துவிட்டீர்கள். கானின் சேற்றில் தவழ்ந்தும் இழுபட்டும் நாம் இறங்கியதில் எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். நீங்கள் குளவிகளைத் திட்டிக்கொண்டே வந்தீர்கள். இந்த மலையில் யாரும் யாரையும் அப்படித் திட்டி நான் கேட்டதில்லை.

பாதையில் கொழுந்து லொறி நின்றது. டிரைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே இருந்தார். நீங்கள் போய்க் கதவை அடித்ததில் கண்ணாடி உடைந்துவிடும் என்று பயந்து திறந்தாராம். "ஆஸ்பத்திரிக்கு விடு. கேள்வி ஒண்ணும் கேக்காத." அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது லுணுகலை ஆஸ்பத்திரி. தொடையில் ஊசி போட்ட இடம் கனத்தது. காற்று உள்ளே போனது, வெளியே வந்தது. அவ்வளவு சாதாரணமான ஒன்று அவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? சிங்கள லேடி டாக்டர் ஒருவர், தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, இப்ப நல்லம். பயம் வேணாம்" என்றார். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் குப்புறப் படுத்திருக்க, நர்ஸ் அவள் முதுகிலிருந்து கொடுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். முகம் வீங்கி, கண் இரண்டும் கோடாகி, யாரென்றே தெரியவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "என்னாடி பாக்குற, பூசணிக்காயப் பாத்ததில்லையா?" என்று கேட்டபோதுதான் நீங்கள் என்று தெரிந்தது.

"இவங்க ஒங்க அக்காவா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

நீங்களே பதில் சொன்னீர்கள். "ஆமாங்க டாக்டர். கூடப் பொறந்தவங்க மாதிரியே சண்ட போட்டுருக்கோம்."

உங்களுக்கு என்னைவிடப் பல மடங்கு கொட்டியிருந்தது. காய்ச்சல் வந்து இரண்டு மூன்று நாளில் எழுந்துவிட்டீர்கள். எனக்கு ஏன் அப்படி ஆனது என்று கேட்டதற்கு, சிலருடைய உடம்பு அந்த விஷத்தைத் தாங்குவதில்லை, அப்படிப்பட்டவர்களுக்கு ஒன்று கொட்டினாலும் போதும் என்று டாக்டர் விளக்கினார். இனிமேல் கொட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வரவேண்டும், முடிந்தால் மலை வேலையை விட்டுவிடுங்கள் என்றார்.

மலை வேலையை விட்டுவிட்டு நான் எங்கே போவது? அதை நான் யோசித்து முடிப்பதற்குள் நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போய்விட்டீர்கள். முகத்தில் வீக்கம் முழுவதும் வடியவில்லை. அந்த முகத்தோடு துரைக்கு முன்னால் நின்றீர்கள்.

"ஐயா, இவளுக்கு மலையில வேல வேணாங்க. புள்ளக்காம்பராவுல போடுங்க."

"குளவி எல்லாருக்கும்தானே கொட்டுது?" என்றார் துரை.

"எல்லாருக்கும்தாங்க கொட்டுது. இவளுக்கு மட்டும் மூச்சு நிக்குது. இந்தத் தடவ நான் பக்கத்துல இருந்தேன். அடுத்த தடவ நான் எங்க இருப்பேனோ, யாருக்குத் தெரியும்?"

துரை உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் கொடுத்த துண்டுச் சீட்டை வாங்கி வாசித்தார். பிள்ளைக்காம்பராவில் ஒரு ஆள் குறைகிறது என்று பெரிய ஆயா ஏற்கெனவே கேட்டிருக்கிறார், திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லுங்கள் என்றார். நீங்கள் எதற்கும் தயாராக மூச்சை இழுத்து வைத்திருந்தீர்கள். அவர் சட்டென்று சம்மதித்ததும், "அப்ப சரிங்க" என்று விட்டுவிட்டீர்கள். வெளியே வந்து படியில் உட்கார்ந்து சிரித்தோமே. அந்தச் சண்டைக்குப் பிறகு அன்றுதான் நாம் இரண்டு பேரும் சேர்ந்து முதல் தடவை சிரித்தது.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை நன்றாக இருந்தது. ஆனால் பயம் என்னவோ போகவில்லை. தலையில் பூ வைப்பதை விட்டேன். திருவிழாவில் வெடி கொளுத்தினால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நடக்கும்போது ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து, கல் தடுக்கி விழுந்திருக்கிறேன். காலையில் பிள்ளைக்காம்பரா வரைக்கும் நீங்கள் கூடவே வருவீர்கள், உங்களுக்கு அது சுற்றுப்பாதையாக இருந்தாலும். "நீ கீழ பாத்து நட. மேல பாக்குற வேல என்னுது" என்பீர்கள்.

உங்களுக்குப் பயமே கிடையாது என்றுதான் நான் நினைத்திருந்தேன், பொத்துவில் கடற்கரைக்குப் போகும்வரை.

உங்கள் மகன் அங்கே ஹோட்டலில் குசினி வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம்மை வரச் சொன்னான். பிபிலையில் ஒரு பஸ், மொனராகலையில் ஒரு பஸ் என்று மாறி மாறிப் போனோம். மலை இறங்க இறங்க வெயில் ஏறியது. நீங்கள் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கரும்புத் தோட்டங்களைப் பார்த்து, "இதுல கங்காணி எங்க நிப்பாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தீர்கள். கடலை முதன்முதலில் கண்டதும் என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். பிறகு, "இம்புட்டுத் தண்ணியா! இதுல பாதிய நம்ம பீலிக்குத் திருப்பிவிட்டா என்னவாம்?" என்றீர்கள்.

சேலையை முழங்கால் வரை தூக்கிச் சொருகிக்கொண்டு அலையில் இறங்கி நின்றீர்கள். நான் கரையில் இருந்தேன். திடீரென்று ஒரு அலறல்.

"ஐயோ, என்னமோ சுட்டுருச்சு! காலு! காலு!"

ஓடி வந்து இழுத்தேன். கெண்டைக்காலில் சாட்டையால் அடித்தது போலச் சிவப்புக் கோடுகள். கண்ணாடி நூல் மாதிரி என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் மணலில் உட்கார்ந்து நடுங்கினீர்கள். குளவிக் கூட்டத்துக்குள் திரும்பி ஓடி வந்த நீங்கள்!

"தொண்ட அடைக்குதா பாரு. பாரு புள்ள! ஒனக்கு அடைச்ச மாதிரி அடைக்குதா பாரு!"

"இல்லக்கா, அடைக்கல. நல்லாத்தான் கத்துறீங்க."

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் பெரியவர், அந்த ஊரில் காக்கா என்பார்கள், வந்து பார்த்தார். "இது சொறி, ஜெல்லி மீனுன்னு சொல்வாங்களே, கடல்ல மெதக்கிற சாமான். கையால உரசாதீங்க, நல்ல தண்ணியும் ஊத்தாதீங்க, கடல் தண்ணியாலயே கழுவுங்க" என்றார். "திருக்கை முள்ளு குத்தியிருந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இது கொஞ்சம் எரிஞ்சிட்டுப் போயிரும். மூச்சு வாங்கினா மட்டும் சொல்லுங்க, ஆட்டோ நிக்குது." உங்கள் மகன் ஹோட்டலிலிருந்து வினாகிரிப் போத்தலோடு ஓடி வந்தான். ஊற்றினோம். நான் உங்கள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். மெல்ல மெல்ல நடுக்கம் நின்றது. எரிச்சல் குறைந்ததும் நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

"அன்னிக்கு மலையிலயும் எனக்கு இப்பிடித்தான் நடுங்குச்சு. நீ பாக்கல. படங்குக்குள்ள இருட்டா இருந்துச்சுல்ல."

"பயந்துக்கிட்டேதான் திரும்பி வந்தீங்களாக்கா?"

"பின்ன? குளவிக்கு யாரு பயப்படாம இருப்பா? ஆனா அதவிடப் பெரிய பயம் ஒண்ணு இருந்துச்சு. நீ எங்கூடப் பேசாமயே போயிருவியோன்னு."

உங்கள் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அன்று பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தோம். இரண்டு பேரும் உயிரோடு இருந்தோம். வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் போனது போன வருட மழைக்காலத்தில். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் பாய் போட்டுச் சாய்ந்தீர்கள். நான் வேலை முடிந்து வந்து எழுப்பினேன், எழும்பவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. நான் அழுத அழுகை லயத்துக்கே தெரியும். ஆனால் யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். அழுகைக்கு அடியில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. பாம்பும் குளவியும் அட்டையும் கூடவே குடியிருக்கிற இந்த மலையில் ஒரு ஆயுள் முழுக்க நடந்துவிட்டு, வலி தெரியாமல், உங்கள் சொந்தப் பாயில் போனீர்களே. எனக்காக வாங்கிய கொட்டுகளில் எதுவும் உங்களைக் கொண்டு போகவில்லையே. அது போதும் என்று இருந்தது.

அதன் பிறகு காலையில் தனியாகத்தான் நடக்கிறேன். மேலே பார்க்க ஆள் இல்லை. மரத்தையும் பார்த்து, பாதையையும் பார்த்து, இரண்டு மடங்கு பயத்தோடு நடந்தேன், இன்று காலை வரைக்கும்.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் வந்து நாடி பார்த்தார், தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கழுத்து வீக்கத்தைத் தவிர ஒன்றும் இல்லை. "வருசம் போகப் போக உடம்பு மாறியிருக்கலாம் அம்மா. சில பேருக்கு அப்படி நடக்கும். ஆனா அத நம்பிக்கிட்டு வீட்ல இருந்துறாதீங்க. மறுபடி கொட்டினா இதே மாதிரி உடனே வரணும்" என்றார். சரி என்றேன். சாயங்காலம்வரை வைத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வெளியே வந்ததும் கடையில் உட்கார்ந்து உங்கள் மருமகளும் நானும் உளுந்து வடையும் பால் தேத்தண்ணியும் சாப்பிட்டோம். வெயில் போய் லேசாகத் தூறியது. அந்தக் கடைக்கு மேலே ஒரு பெரிய மரம். நான் அண்ணாந்து பார்க்கவில்லை என்பது எழுந்து நடந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. எத்தனை லேசாக இருந்தது தெரியுமா அக்கா! இத்தனை வருடமும் முதுகில் நிறைந்த கூடையோடு நின்றவள், இறக்கி வைத்த மாதிரி.

பயம் இறங்கிவிட்டது. உங்களிடமிருந்து வாங்கியது இறங்கவில்லை. அதையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் உங்கள் மருமகள், தாய்மார் எல்லாரும் இருக்கும்போது, "எம் புள்ளைக்கு இங்க யாரும் ஒழுங்கா சோறு ஊட்டுறதில்ல" என்று சொல்லிவிட்டாள். நான் ஊட்டுகிற பிள்ளை அவன். எனக்கு முகம் செத்துவிட்டது. பழைய நானாக இருந்தால் அன்றோடு அவள் முகத்தில் விழித்திருக்க மாட்டேன். அவள் வாசலில் கோழியும் இல்லை, நடுவில் தூது போக. அன்று வேலை முடிந்து வந்து கைகால் கழுவினேன். நேராகப் போய் அவள் கதவைத் தட்டினேன்.

"நீ எல்லார் முன்னாடியும் சொன்னது எனக்கு வலிச்சிருச்சு. அத ஒங்கிட்டச் சொல்லாமப் படுக்க எனக்கு மனசு வரல."

அவள் கதவை முழுவதும் திறந்து என்னை உள்ளே இழுத்தாள். பிறகு அழத் தொடங்கிவிட்டாள். பிள்ளையின் நிறை குறைந்திருக்கிறது என்று கிளினிக்கில் நர்ஸ் ஏசியிருக்கிறார். அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் என் மேல் காட்டியிருக்கிறாள். இரண்டு பேரும் குசினியில் உட்கார்ந்து, பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம் என்று பேசினோம். இப்போது அவன் குண்டாகிவிட்டான். உங்கள் கன்னம்.

அன்று நான் தட்டாமல் இருந்திருந்தால், இன்று ஆம்புலன்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு யார் வந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் தேயிலை ஸ்டோரில் வேலை முடிந்து வந்து, என் கழுத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை சிரிக்கிறான். உங்கள் மருமகள் சத்தம் போடுகிறாள்.

"சின்னம்மா! ரொட்டி சுட்டாச்சு, சம்பல் அரைச்சாச்சு. ரெண்டு பேரும் வாங்க, ஆறிப்போகுது!"

போகிறேன் அக்கா. கூப்பிட்ட உடனே போய்விட வேண்டும்.